குடோன் நம்பருக்கு வந்த ஓடிபி

ஹாம்பர்க் நகரத்தில் என் டெபிட் கார்டு வேலை செய்யாமல் போனதற்குக் காரணம் குளிர் என்றுதான் முதலில் நம்பினேன். கார்டின் ஓரத்தில் பொன்னிறமாக ஒரு சிப் இருக்கிறதல்லவா, அது விறைத்துப் போயிருக்கும் என்று முடிவு கட்டினேன். தூத்துக்குடி வெயிலில் வளர்ந்த கார்டு. பெட்ரோல் பங்க், பலசரக்குக் கடை, புரோட்டாக் கடை என்று சூடான இடங்களிலேயே புழங்கியது. பூஜ்யத்துக்குக் கீழே போன ஊரில் அதற்கு மட்டும் உடம்பு தாங்குமா? கார்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓட்டல் வரவேற்பறை நாற்காலியில் கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் காய்ச்சல் என்று நினைத்து மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பிறகு அறைக்குப் போய்ச் சுவரோரம் இருந்த ஹீட்டரின் மேல் கார்டைக் கிடத்தினேன். லேசாக வளைந்தது. கண்ட பலன் அதுதான்.

நான் அவுரி இலை வியாபாரி. நீலச் சாயத்து அவுரி இல்லை, நிலாவரை என்பார்களே, அது. சாத்தான்குளம் பக்கத்துச் செம்மண் காடுகளில் விளையும் அவுரியை வாங்கி, குடோனில் காம்பு நீக்கித் தரம் பிரித்து, தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேற்றுகிறேன். ஐரோப்பாக்காரர்கள் அதை எதற்கு வாங்குகிறார்கள் என்றால், காலையில் போக வேண்டியது போகாத நாட்களில் கஷாயம் வைத்துக் குடிப்பதற்கு. “ஒரு கண்டத்தையே ஓட வைப்பவன் நான்” என்றுதான் கல்யாண வீடுகளில் என்னை அறிமுகம் செய்துகொள்வேன். சிரிப்பார்கள். சிரிக்காவிட்டால் சிரிக்கும்வரை சொல்வேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன வீடுகளிலும் இதையே சொன்னதுதான் காரணம் என்று என் தங்கை சொல்லுவாள்.

போன சரக்கில் காம்பு அதிகம் என்று ஹாம்பர்க் கம்பெனியிலிருந்து புகார் வந்தது. புது மாதிரிகளோடு நேரில் வந்தால் பேசித் தீர்க்கலாம் என்று கடிதம் போட்டார்கள். திங்கட்கிழமை சந்திப்பு. அன்றிலிருந்து தங்கும் செலவு அவர்களுடையது. நான் ஊரைச் சுற்றிப் பார்க்கும் ஆசையில் வெள்ளிக்கிழமையே போய் இறங்கினேன். கையில் நூறு யூரோ மட்டும் வைத்திருந்தேன். “மிச்சத்துக்கு என்ன செய்வீரு?” என்று கேட்ட நண்பரிடம் பர்ஸைத் திறந்து, கார்டைப் பாதி மட்டும் உருவிக் காட்டி மறுபடி உள்ளே தள்ளினேன். சினிமாவில் துப்பாக்கியைக் காட்டுவார்களே, அந்த மாதிரி.

விமான நிலையத்திலிருந்து ரயிலில் வந்தேன். ஜன்னலுக்கு வெளியே தண்டவாளத்தை ஒட்டி வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள். இந்த ஊரில் யார் இவ்வளவு உப்பு அள்ளிப் போட்டிருக்கிறார்கள் என்று உப்பளத்து ஊரான ஆறுமுகநேரிக்காரன் புத்தியோடு பார்த்துக்கொண்டே வந்தேன். அது பனி என்று உறைக்க இரண்டு நிலையங்கள் ஆயின. உறைத்த சந்தோஷத்தில் படம் எடுத்தேன். படத்தை யாருக்காவது அனுப்பலாமே என்று யோசித்தபடி போனை இருக்கையில் வைத்தேன். அதற்குள் இறங்க வேண்டிய நிலையம் வந்துவிட்டது. நான் இறங்கினேன். போன் இறங்கவில்லை.

ரயில் போன பிறகு நடைமேடையில் நின்று இரண்டு சட்டைப் பைகளையும் நாலு தடவை தட்டிப் பார்த்தேன். பக்கத்தில் நாயோடு நின்ற ஒருவர் நான் ஏதோ நாட்டு நடனம் ஆடுகிறேன் என்பது போலச் சிரித்தார். வருஷத்துக்கு இரண்டு போன் தொலைப்பது எனக்கு வழக்கம்தான். ஆனால் ஊரில் தொலைத்தால், “என்ன அண்ணாச்சி, இதுவும் போச்சா?” என்று கேட்க நாலு பேர் இருப்பார்கள். இங்கே அந்த நாய் மட்டும்தான் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தது.

வழி கேட்டு, தப்பான பஸ் ஏறி, கடைசியில் டாக்சி பிடித்ததில் நூறு யூரோவில் பெரும்பகுதி போயிற்று. ஓட்டலில் மூன்று நாள் வாடகையை முன்கூட்டியே கட்டச் சொன்னார்கள். கார்டைச் செருகினேன். மிஷின் ஒரு சத்தம் கொடுத்து மறுத்தது. மறுபடி செருகினேன். மறுபடி அதே சத்தம். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்து மார்பில் தொங்கவிட்டிருந்த அந்த அம்மாள், “நாளை காலை பதினோரு மணிக்குள் கட்டிவிடுங்கள். இல்லையென்றால் அறையை வேறு ஒருவருக்குக் கொடுக்க வேண்டிவரும்” என்று பள்ளிக்கூட ஆங்கிலத்தில் சொன்னார். அதற்குப் பிறகுதான் நான் முதலில் சொன்ன அக்குள் வைத்தியம்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு இரண்டு முந்திரி மக்ரூன். வாங்குகிற கம்பெனிக்காரருக்குக் கொடுக்க ஊரிலிருந்து கொண்டுபோன டப்பா அது. என் பெட்டியில் தின்னக்கூடியதாக இரண்டே பொருள்கள் இருந்தன. ஒன்று மக்ரூன், இன்னொன்று மாதிரிக்குக் கொண்டுவந்த அவுரி. டப்பாவுக்குள் மக்ரூனும் அவுரியைப் போலவே காகிதப் பொட்டலத்தில் இருந்ததால், விளக்கைப் போட்டு மோந்து பார்த்த பிறகுதான் வாயில் வைத்தேன்.

சனிக்கிழமை காலை அந்த அம்மாள்தான் விஷயத்தை விளக்கினார். கார்டுக்குக் குளிரெல்லாம் ஒன்றும் இல்லையாம். பல நாட்டு பேங்குகள் வெளிநாட்டுப் பயன்பாட்டை மூடித்தான் வைத்திருக்குமாம். நாம்தான் திறக்க வேண்டுமாம். வரவேற்பறை மூலையில் இருந்த கம்ப்யூட்டரைக் காட்டினார். பேங்க் கணக்கைத் திறந்து பார்த்தேன். உள்நாடு என்பதற்கு எதிரே பச்சை. ஆன்லைன் என்பதற்கு எதிரே பச்சை. வெளிநாடு என்பதற்கு எதிரே சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன உருண்டை, இடது பக்கம் ஒண்டிக்கொண்டு கிடந்தது. அதை வலது பக்கம் தள்ளினேன். ‘உங்கள் பதிவு செய்யப்பட்ட எண்ணுக்கு ஓடிபி அனுப்பப்பட்டுள்ளது’ என்று வந்தது.

கழிவறை எந்தப் பக்கம் என்று தேடினேன். அவுரி தின்னாமலே.

பதிவு செய்யப்பட்ட அந்த எண் என்னுடையது அல்ல. போனோடு நம்பரையும் மாற்றிக்கொண்டே இருப்பவன் என்பதால், மாறாத ஒரே எண்ணான குடோன் நம்பரைத்தான் பேங்கில் கொடுத்திருந்தேன். அது ஒரு பட்டன் போன். தராசுத் தூணில் சணல் கயிற்றில் தொங்கும். எங்கள் வியாபாரத்தில் பல பேர் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள். காட்டிலிருந்து இலை கொண்டுவருகிறவர்களும் லாரிக்காரர்களும் கூப்பிடும் போன் அதுதான். தரம் பிரிக்கும் பெண்களுக்குத் தலைவியான பேச்சியம்மாளின் பொறுப்பில் இருக்கிறது. ஆன்லைனில் நான் ஒரு சட்டை வாங்கினால்கூட, “ஏளா பேச்சி, நம்பரு வந்துட்டா?” என்று அறையிலிருந்து கத்துவேன். இலைத்தூசிக்கு நடுவிலிருந்து அவள் ஆறு இலக்கங்களையும் ஏலம் போடுவது போலத் திருப்பிக் கத்துவாள். நான் வாங்கிய உள்பனியன் எத்தனை என்று குடோன் முழுக்கத் தெரியும்.

போன வருஷம் எவனோ ஒருத்தன் பேங்கிலிருந்து பேசுவதாகச் சொல்லி அவளிடம் அந்த நம்பரை வாங்கி, என் கணக்கிலிருந்து நாலாயிரம் ரூபாயைச் சுருட்டிவிட்டான். அன்றைக்கு நான் குடோன் நடுவே நின்று சட்டம் போட்டேன். “இனிமே யாரு கேட்டாலும் சொல்லக் கூடாது. நானே போன்ல கேட்டாலும் சொல்லக் கூடாது. என் மூஞ்சியைப் பாத்தாத்தான் சொல்லணும்.” பேச்சியம்மாள் எழுதப் படிக்க அதிகம் தெரியாதவள். சொன்னதை மறக்கவே மாட்டாள்.

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண்ணும் அந்தக் குடோன் நம்பர்தான். தங்கை நம்பர் போனில் இருந்தது. நண்பர்கள் போனில் இருந்தார்கள். போன் ரயிலில் போய்க்கொண்டிருந்தது. வரவேற்பறை போனில் ஒரு அழைப்பு மட்டும் பேச அந்த அம்மாள் அனுமதித்தார். இங்கே ஒன்பது மணி. அங்கே ஒன்றரை. சாப்பாட்டு வேளை.

“யாரு?” என்றாள் பேச்சி. பின்னால் தூக்குவாளி மூடிகள் திறக்கும் சத்தம்.

“ஏளா, நான்தான். அண்ணாச்சி பேசுதேன். இப்ப ஒரு நம்பரு வந்திருக்கும் பாரு. சட்டுனு சொல்லு.”

“எந்த அண்ணாச்சி?”

“எந்த அண்ணாச்சியா? உனக்குச் சம்பளம் குடுக்க அண்ணாச்சி!”

“எங்க அண்ணாச்சி செர்மனிக்குல்லா போயிருக்காவ.”

“செர்மனில இருந்துதாம்ளா பேசுதேன்.”

“அப்ப அவிய நம்பர்லல்லா வரும்? இது என்னமோ கோணலா வருது.”

“போன் தொலைஞ்சு போச்சு.”

“ஆங், தொலைஞ்சு போச்சாம்.” போனை வாயிலிருந்து விலக்கிக் கத்தினாள். “ஏளா எஸ்தரு, இங்க வா. அன்னைக்கு மாதிரியே ஒருத்தன் வந்திருக்கான். இவன் அண்ணாச்சி பேரையே சொல்லுதான்.” ஸ்பீக்கரைப் போட்டாள் போலிருக்கிறது. குடோனே காதுக்குள் வந்து உட்கார்ந்தது.

எஸ்தர் பேச்சிக்கு அடுத்த மூத்தவள். கொஞ்சம் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள். “குரலு அவிய மாதிரி இல்லையே. அவிய பேச்சுல ஒரு நக்கலு இருக்கும்லா. இவன் கெஞ்சுதான்.”

“பேச்சி, விளையாடாத. பதினோரு மணிக்குள்ள காசு கட்டலைன்னா ரூமை விட்டு வெளிய அனுப்பிருவாவ. வெளிய பனி கொட்டுது. சொல்லு தாயி.”

“பாத்தியாளா, தாயிங்கான். அண்ணாச்சி என்னைக்கு என்னையத் தாயின்னாவ?”

அடையாளத்தைக் காட்ட வேறு வழியில்லை. ஒரு ஜோக் சொன்னேன். “இந்த ஊர்க்காரனுக்கு நம்ம இலை எதுக்குன்னு இப்பதாம்ளா புரிஞ்சுது. இந்தக் குளிர்ல ஒண்ணுமே வெளிய வர மாட்டேங்கு. மிஷின்ல இருந்து பணம்கூட.”

குடோன் கொல்லென்று சிரித்தது. எனக்கு உயிர் வந்தது.

“நல்லாச் சிரிப்புக் காட்டுதான்” என்றாள் பேச்சி, கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசுகிற குரலில். “அப்ப கண்டிப்பா அண்ணாச்சி இல்ல. அவிய சொல்லுததுல எவளுக்குச் சிரிப்பு வந்திருக்கு? சம்பளத்துக்காவல்லா பல்லைக் காட்டுதோம்.”

திரையில் ஓடிபி காலாவதியாக இன்னும் ஒரு நிமிஷம் என்று காட்டிக்கொண்டிருந்தது.

“சரிலே, நெசமாவே அண்ணாச்சின்னா ஒண்ணு சொல்லு” என்றாள் பேச்சி. “என் மூத்த மவ பேரு என்ன?”

பதினோரு வருஷமாக என் குடோனில் வேலை செய்கிறாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்தப் பெண்ணுக்கும் சேர்த்துத்தான் துணி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அளவு தெரியும். பெயர் தெரியவில்லை. செல்வியா? ராணியா?

“அது அண்ணாச்சிக்கே தெரியாதேளா” என்றாள் எஸ்தர்.

“தெரியாம எப்பிடி இருக்கும்? பதினோரு வருசமா வேலை பாக்கேன்” என்றாள் பேச்சி. எனக்கு ஆதரவாகத்தான் சொன்னாள். பிறகு என்னிடம், “தெரியலைல்லா? வைலே போனை. நாலு எழுத்துப் படிக்காதவன்னா ஏமாத்திரலாம்னு நெனைச்சியா?” என்றாள்.

அதன் பிறகு நான் என்னென்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. பயணக் களைப்பு. சளி வேறு பிடித்திருந்தது. இணைப்பு அறுந்தது. வரவேற்பறை அம்மாள் காகிதக் கைக்குட்டை டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

“உங்கள் குடும்பமா?” என்று கேட்டார்.

“இல்லை. என் குடோன்.”

“நீங்கள் இங்கே யாரைப் பார்க்க வந்தீர்கள்?”

கம்பெனிக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பதிவுப் புத்தகத்தைப் புரட்டினார். “திங்கட்கிழமைக்கு உங்கள் பெயரில் அவர்களே இங்கே அறை போட்டிருக்கிறார்களே! இதை நேற்றே ஏன் காட்டவில்லை? இருங்கள். திங்கட்கிழமை கொடுத்தால் போதும்” என்றார். அந்தக் கடிதம் நேற்றிலிருந்து என் சட்டைப் பையில்தான் இருந்தது. கார்டை இடுக்கிக்கொண்டிருந்தேனே, அந்த அக்குளுக்கு நாலு விரல் தள்ளி.

ஆக, கூரை பிழைத்தது. வயிற்றுக்கு வழி இல்லை. மிச்சமிருந்த சில்லறையை எண்ணினால் ஒன்பது யூரோ. சாயங்காலம் தெருமுனை ஏடிஎம்முக்குப் போய்க் கார்டை இன்னொரு தடவை செருகினேன். எதற்கு என்று கேட்காதீர்கள். பயந்தவன் காரணத்தோடு எதையும் செய்வதில்லை. இந்தத் தடவை மிஷின் சத்தம் போடவில்லை. சத்தமில்லாமல் கார்டை விழுங்கிவிட்டது. வாயைப் பார்த்தேன். கீழே குனிந்து பார்த்தேன். மெல்ல ஒரு தட்டுத் தட்டினேன். பின்னால் வரிசையில் நின்ற இளைஞன், “அது திரும்பி வராது” என்று அன்பாகவே சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரில் கடைகள் கிடையாது. நம் ஊரில் ஞாயிறு காலை கறிக்கடையிலும் கோயில் வாசலிலும் நிற்கும் கூட்டத்தை நினைத்துக்கொண்டு வெளியே வந்தால், தெரு துடைத்து வைத்ததுபோலக் கிடந்தது. ஆற்றங்கரையில் காலையில் மட்டும் மீன் சந்தை உண்டு என்றார்கள். நடந்தே போனேன். தூரத்தில் துறைமுகக் கிரேன்கள் வரிசையாக நின்றன. என் அவுரி மூட்டைகள் எத்தனையோ தடவை இறங்கிய இடம். எனக்கு முன்னால் என் சரக்குக்கு இந்த ஊர் பழக்கம்.

சந்தையில் மீனைவிடப் பேச்சுதான் அதிகம். ஒரு லாரியின் பின்கதவைத் திறந்து வைத்து, மேலே நின்று ஒரு தடியர் விலாங்குகளைத் தூக்கிக் காட்டிக் கூவிக்கொண்டிருந்தார். நம் ஏலக்காரர்கள் விலையை மட்டும்தான் கூவுவார்கள். இவர் விலைக்கு நடுவே ஆளைப் பார்த்து ஆளைப் பார்த்து ஏதோ சொன்னார். ஒவ்வொன்றுக்கும் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தொழில்முறையில் எனக்குப் பொறாமையாக இருந்தது. எந்த இடத்தில் நிறுத்துகிறார், எந்த இடத்தில் குரலை இறக்குகிறார் என்று கவனித்தேன். அவர்கள் சிரித்தபோது நானும் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் அவர்களுக்கு முன்னாலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டேன்.

பக்கத்தில் நின்ற கிழவர் திரும்பி, “உங்களுக்கு ஜெர்மன் தெரியுமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“ஒரு வார்த்தைகூடத் தெரியாது.”

“பிறகு எதற்குச் சிரிக்கிறீர்கள்?”

நான் அதற்கும் சிரித்தேன். அவர் தலையசைத்துவிட்டுத் தன் மனைவியிடம் போய்ச் சேர்ந்துகொண்டார்.

நாலு யூரோவுக்கு ரொட்டிக்குள் வைத்த மீன் வாங்கினேன். மீன் வேகவில்லை. உப்பிலும் புளிப்பிலும் ஊறியிருந்தது. சாளைக்குச் சொந்தக்கார மீன் மாதிரி இருந்தது. மேலே பச்சை வெங்காயம். பசியில் அருமையாக இருந்தது என்று எழுதலாம், அருமையாக இல்லை. அரைத்த மிளகாயும் ஒரு தோசைக்கல்லும் கிடைத்திருந்தால் அந்த மீனுக்கு நல்ல கதி பண்ணியிருப்பேன். ஆற்றைப் பார்த்தபடி நின்று தின்று முடித்தேன். கொஞ்சம் வாயைவிட்டுப் பேசிப் பார்த்தேன். “மீன் எப்பிடி அண்ணாச்சி?” “சமைச்சிருந்தா நல்லாருந்திருக்கும்டே.” யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று முழுக்க நான் பேசிய தமிழ் அவ்வளவுதான்.

திங்கட்கிழமை எல்லாம் சரியாயிற்று. தரம் பார்க்கும் அதிகாரி ஒல்லியான மனிதர். மாதிரிப் பொட்டலத்தைப் பிரித்து இலையை விரலில் நொறுக்கி மோந்தார். காம்பு குறைவாக இருக்கிறது என்றார். ஓட்டல் பாக்கியை அவர்களே கட்டினார்கள். பிறகு கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்று கைச்செலவுக்கும் பணம் தந்தார்கள். அவருக்காகக் கொண்டுவந்த மக்ரூன் டப்பாவை நான் கொடுக்கவில்லை. காலி டப்பாவை எப்படிக் கொடுப்பது?

ஊருக்கு வந்ததும் முதலில் பேங்குக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் என் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டு, “வெள்ளிக்கிழமை வெளிநாட்டு யூஸ் ஆன் பண்ணாததால ரெண்டு தடவை ரிஜெக்ட் ஆயிருக்கு சார். அது ஒண்ணும் பிரச்சினையில்ல. ஆனா சனிக்கிழமை மத்தியானம் கார்டையே பிளாக் பண்ணிட்டீங்களே, ஏன்?” என்றாள்.

“நானா?”

“உங்க பதிவு பண்ண நம்பர்ல இருந்துதான் மெசேஜ் வந்திருக்கு.”

குடோனுக்குப் போனேன். எல்லாரும் எழுந்து, “வாங்க அண்ணாச்சி, மெலிஞ்சு போயிட்டியளே” என்றார்கள். நான் பேச்சியிடம் அவளுடைய மூத்த மகள் பெயரைக் கேட்டேன். முத்துச்செல்வி. பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம். “எதுக்கு அண்ணாச்சி கேக்கிய?” என்றாள். சும்மா என்றேன்.

பிறகு அவளே ஆரம்பித்தாள். “நீங்க இல்லாத நேரம் பாத்து ஒரு திருட்டுப்பய போன் போட்டான், அண்ணாச்சி. உங்க பேரைச் சொல்லியே நம்பரு கேட்டான். நானா குடுப்பேன்? கார்டைப் பூட்டணும்னா என்ன அனுப்பணும்னு நீங்கதான எழுதி இந்தத் தூண்ல ஒட்டி வச்சிருந்திய. எஸ்தர்ட்டச் சொல்லி அப்பமே அனுப்பச் சொல்லிட்டேன். உங்க காசு ஒரு பைசா போகல.”

“நல்ல காரியம் செஞ்ச” என்றேன்.

“ஆனா அண்ணாச்சி,” என்று குரலைத் தாழ்த்தினாள், “கடைசில ஒரே அழுகை. எனக்கு யாருமே இல்லளா, உங்க நம்பரு மட்டுந்தாம்ளா தெரியும்னு தேம்பித் தேம்பி அழுதான். நடிப்புன்னு தெரியுது. இருந்தாலும் அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல. எந்த ஊர்க்காரனோ, எவனோ.”

எவனோ இல்லை. நான்தான் அழுதேன்.